12 கிராம் உறைபனியின் கணக்கு

2000 முதல் 2011 வரையிலான 12 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 250 விமான விபத்துகளுக்கு, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் படிந்த உறைபனி காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்தது. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளுக்கு விடுத்த எச்சரிக்கைக் குறிப்பில் உள்ள எண் இது. ஆண்டுச் சராசரி 21. அவற்றுள் ஆண்டுக்கு 2 விபத்துகள் உயிர்ப்பலி கொண்டவை. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட அறிவிக்கை, 1998 முதல் 2007 வரையிலான 10 ஆண்டுகளுக்கு 212 விபத்துகள் என்கிறது. அதன் ஆண்டுச் சராசரியும் 21. இரு அமைப்புகள், இரு காலகட்டங்கள், ஒரே விகிதம்.

இந்த 21 பெரிய எண்ணாகத் தோன்றாது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பொது விமானப் பறப்புத் துறையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 முதல் 1,900 விபத்துகள் வரை பதிவாயின. அவற்றில் கார்புரேட்டர் உறைபனியின் பங்கு 1.1 முதல் 1.5 சதவீதம். ஆனால் இதைத் தடுக்கும் கருவி கார்புரேட்டர் கொண்ட விமானங்களின் எஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் அதன் குமிழ் இருக்கிறது. தடுக்க வழியிருந்தும் நேரும் விபத்து என்பதால் இந்த 1.5 சதவீதத்துக்குத் தனிக் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது.

முந்தைய தலைமுறையின் கணக்கு இதைவிடக் கனமானது. பாதுகாப்பு வாரியம் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, 5 ஆண்டுகளில் 360 விபத்துகளை எண்ணியது. 47 விமானங்கள் முற்றாக அழிந்தன, 313 விமானங்கள் பெருஞ்சேதம் அடைந்தன, 40 பேர் இறந்தனர், 160 பேர் காயமுற்றனர். ஆண்டுச் சராசரி 72 விபத்துகள். 72-இலிருந்து 21-க்கு இறங்கியது 71 சதவீதக் குறைவு. பயிற்சியால் எவ்வளவு, எஞ்சின் மாற்றத்தால் எவ்வளவு என்று இந்த எண்களைக் கொண்டு பிரிக்க முடியாது. குறைந்தது உறுதி. 2000 முதலான 12 ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 21 என்ற அளவில் இன்னும் தொடர்ந்ததும் அதே அளவுக்கு உறுதி.

பதிவான எண் உண்மையான எண்ணைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. விபத்துக்குப் பிறகும் எஞ்சினின் சூடு உடனே அடங்குவதில்லை. அந்தச் சூட்டில் பனி உருகி ஆவியாகிவிடும். ஆய்வாளர் வந்து சேரும்போது கார்புரேட்டர் உலர்ந்திருக்கும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் வெப்பநிலையும் பனிநிலையும் (ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உறைபனிக்குச் சாதகமாக இருந்தன, எஞ்சினில் வேறு பழுது இல்லை என்ற இரண்டையும் வைத்தே முடிவு எழுதப்படுகிறது. தடயத்தின் எடை 0 கிராம்.

குளிர்ச்சியின் வரவு

இக்கட்டுரையில் வரும் வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில். கார்புரேட்டருக்குள் நுழையும் காற்று 33 முதல் 39 டிகிரி வரை குளிரக்கூடும் என்று கூட்டாட்சி நிர்வாகத்தின் விமானி கையேடு கூறுகிறது. இந்த எண்ணைச் சரிபார்க்கலாம். 1 கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். செறிவான கலவையில் 12 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் சேர்கிறது. 350-ஐ 12-ஆல் வகுத்தால் 1 கிலோ காற்றிலிருந்து 29 கிலோஜூல் பிடுங்கப்படுகிறது. 1 கிலோ காற்றை 1 டிகிரி குளிர்விக்க 1 கிலோஜூல் எடுத்தால் போதும். ஆகவே எரிபொருள் முழுதும் ஆவியானால் காற்று 29 டிகிரி குளிரும்.

மீதியைக் கார்புரேட்டர் குழாயின் குறுகிய பகுதியான வென்ச்சுரி தருகிறது. அங்கே காற்று நொடிக்கு 100 மீட்டர் வேகம் பெற்றால் அதன் வெப்பநிலை 5 டிகிரி இறங்கும். 29-உம் 5-உம் சேர்ந்து 34. கையேட்டின் 33–39 என்ற வரம்புக்குள் இது அமைகிறது. குளிர்ச்சியின் பெரும்பங்கு, இந்தக் கணக்கில் 85 சதவீதம், எரிபொருளிலிருந்து வருகிறது. எரிபொருளைச் சிலிண்டருக்கு அருகே நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்களில் இந்த இடத்தில் இந்தப் பனி உண்டாகாததற்கும் இதுவே காரணம்.

காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடான த்ராட்டிலை மூடினால் கணக்கு மாறுகிறது. தகட்டின் விளிம்பில் எஞ்சும் இடுக்கு வழியே காற்று பாய்கிறது. எஞ்சின் பக்கத்து அழுத்தம் வெளி அழுத்தத்தில் 53 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாய்ச்சல் ஒலியின் வேகத்தை எட்டும். 25 டிகிரிக் காற்று அந்த இடுக்கில் சுமார் 50 டிகிரி இழந்து −25 டிகிரிக்குப் போகும். இந்தக் குளிர் இடுக்கில் மட்டுமே இருக்கும், நொடியின் சிறு பகுதியில் கடந்துவிடும், உலோகம் அதை முழுதாக உணராது. ஆனாலும் எரிபொருள் தகட்டின் மேலேயே ஆவியாவதும் இதனுடன் சேர்ந்துகொள்வதால், முதலில் பனி பிடிப்பது பெரும்பாலும் இந்தத் தகடுதான். இறக்கத்தின்போது, அதாவது த்ராட்டில் மூடியிருக்கும்போது, ஆபத்து கூடுவது இதனால்தான்.

நீரின் இருப்பு

20 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றில் 1 கனமீட்டருக்கு 13.8 கிராம் நீராவி இருக்கும். 0 டிகிரியில் அதே கனமீட்டர் தாங்கக்கூடியது 4.85 கிராம். மிச்சம் 9 கிராம் ஆவியாக இருக்க இடமில்லை. துளியாகவோ பனியாகவோ வெளியே வந்தாக வேண்டும்.

இதில் ஓர் எதிர்க்கணக்கும் உண்டு. ஆவி நீராகும்போது கிராமுக்கு 2.5 கிலோஜூல் வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. 9 கிராமுக்கு 22.5 கிலோஜூல். 1 கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ என்பதால் இது 19 டிகிரிக்குச் சமம். உச்ச அளவான 39 டிகிரிக் குளிர்ச்சியில் 19 டிகிரி இந்த வெப்பத்தை ஈடுகட்டவே தீர்ந்துபோகிறது. எஞ்சுவது 20. காற்று 20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கி நிற்கிறது. விமானி கையேடு, வெப்பநிலை 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கையில் பனி மிக எளிதில் படியும் என்று எல்லை வகுத்திருக்கிறது. கணக்கு தந்த எல்லையும் கையேட்டின் எல்லையும் 1 டிகிரி வேறுபாட்டில் பொருந்துகின்றன.

அந்த எல்லைக்கு வெளியே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 38 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும்கூடப் பனி உண்டாகலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட பாதுகாப்புத் துண்டறிக்கை, சோதனை முடிவுகளையே எண்ணாகத் தருகிறது. இறக்கத் திறனில் 25 டிகிரிக்கு மேல், 30 சதவீத ஈரப்பதத்திலேயே கடும் பனி படிந்தது. பயணத் திறனில் 20 டிகிரியில், 60 சதவீதத்துக்கு மேல் படிந்தது. 25 டிகிரியில் 30 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு 6.9 கிராம் நீர். 0 டிகிரியின் கொள்ளளவைவிட 2 கிராம் அதிகம். வறண்ட நாள் என்று நாம் நினைக்கும் நாளிலும் இந்த 2 கிராம் இருக்கிறது.

கடுங்குளிர் இதற்கு நேர்மாறு. −15 டிகிரிக் காற்றில் நிறைசெறிவிலும் கனமீட்டருக்கு 1.6 கிராமுக்கு மேல் நீராவி இராது. 20 டிகிரி, 80 சதவீதக் காற்றோடு ஒப்பிட்டால் இது 12 சதவீதம். உலர்ந்த பனித்துகள்களும் ஒட்டாமல் எஞ்சினுக்குள் போய்விடும். தெளிந்த குளிர்கால நாளைவிட ஈரமான கோடை நாளே ஆபத்தானது என்ற முடிவு வியப்பாக இருக்கலாம். கிராம்களைப் பார்த்தால் வியப்புக்கு இடமில்லை.

எரிபொருளின் வகையும் கணக்கை மாற்றும். விமானப் பெட்ரோல் 100எல்எல்-இன் ஆவியழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரவிதி கார்ப் பெட்ரோலுக்குக் கோடையில் 60 கிலோபாஸ்கல் வரையும், குளிர்காலத்துக்குரிய வகைகளில் 100 கிலோபாஸ்கல் வரையும் இடம் தருகிறது. ஆவியழுத்தம் கூடினால் எரிபொருள் விரைந்து ஆவியாகும், குளிர்ச்சியும் விரையும். கார்ப் பெட்ரோலில் ஓடும் விமானங்களில் பனி கூடுதலாகப் படியும் என்று பிரிட்டன் ஆணையம் எச்சரிப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

படிவின் எடை

செஸ்னா 150 விமானத்தின் கான்டினென்டல் ஓ-200 எஞ்சின் 100 குதிரைத்திறன் கொண்டது, கொள்ளளவு 3.29 லிட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அது 1,250 முறை உள்ளிழுக்கும். 1,250-ஐ 3.29-ஆல் பெருக்க 4.1 கனமீட்டர். பயணத் திறனில் சிலிண்டர்கள் 75 சதவீதம் நிரம்பும் என்று கொண்டால் நிமிடத்துக்கு 3.1 கனமீட்டர் காற்று. கனமீட்டருக்கு 9 கிராம் மிகை நீர் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 28 கிராம் நீர் கார்புரேட்டரைக் கடக்கிறது.

அதில் 10 சதவீதம் மட்டுமே ஒட்டுகிறது என்று கொள்வோம்: நிமிடத்துக்கு 2.8 கிராம். கார்புரேட்டர் குழாயின் விட்டம் 40 மில்லிமீட்டர், பனி படியும் நீளம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிய 6.5 கிராம் பனி போதும். அப்போது குழாயின் பரப்பு 19 சதவீதம் சுருங்கும். 4 மில்லிமீட்டர் படிய 12 கிராம் வேண்டும், பரப்பு 36 சதவீதம் சுருங்கும். 12 கிராம் என்பது இரண்டரைத் தேக்கரண்டித் தண்ணீர். நிமிடத்துக்கு 2.8 கிராம் வீதம் அது சேர 4 நிமிடம் 20 நொடி ஆகும். இவை எளிய அனுமானங்களின் மேல் எழுப்பிய மதிப்பீடுகள். ஒட்டும் பங்கு 5 சதவீதமானால் நேரம் இரட்டிக்கும், 20 சதவீதமானால் பாதியாகும். ஆனால் அளவு மாறினாலும் அலகு மாறாது: காலம் நிமிடங்களில், எடை கிராம்களில்.

எஞ்சினின் அமைப்பும் ஒட்டும் பங்கை மாற்றுகிறது. லைகாமிங் எஞ்சின்களில் கார்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும், அந்தச் சூடு உலோகத்துக்கு ஏறும். பழைய கான்டினென்டல் எஞ்சின்களில் அது எண்ணெய்த் தொட்டியிலிருந்து விலகி நிற்கும். செஸ்னா 172 விமானம் 1968 மாடலில் 145 குதிரைத்திறன் கான்டினென்டலிலிருந்து 150 குதிரைத்திறன் லைகாமிங்குக்கு மாறியது. 1996-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது கார்புரேட்டரே நீங்கி எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின் வந்தது. ஒரே பெயர் கொண்ட விமானத்தில் மூன்று வெவ்வேறு இடர்நிலைகள். ஒரு மாடலில் பழகியவர் மற்றொன்றில் ஏறும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முள்ளின் 4 சதவீதம், திறனின் 12 சதவீதம்

கோணம் மாறாத புரொப்பெல்லர் கொண்ட விமானத்தில் உறைபனியின் முதல் அறிகுறி சுற்று குறைவது. புரொப்பெல்லர் உறிஞ்சும் திறன், தோராயமாகச் சுற்று எண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறும். 2,400 சுற்று 2,300-ஆனால், சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் 4 சதவீதம் நகர்கிறது, திறன் 12 சதவீதம் போகிறது. 2,200-ஆனால் முள் 8 சதவீதம், திறன் 23 சதவீதம். 2,000-ஆனால் முள் 17 சதவீதம், திறன் 42 சதவீதம். டேக்கோமீட்டரில் விரல் அகலத்துக்கும் குறைவான நகர்வு, எஞ்சினின் எட்டில் ஒரு பங்கு காணாமல் போனதைச் சொல்கிறது.

42 சதவீதம் ஏன் முக்கியம் என்பதற்குச் செஸ்னா 152 சான்று. அதன் உச்ச எடை 757 கிலோ, எஞ்சின் 110 குதிரைத்திறன், சறுக்கு விகிதம் ஏறத்தாழ 9-க்கு 1, சறுக்கு வேகம் 60 நாட், அதாவது நொடிக்கு 31 மீட்டர். எஞ்சின் இன்றிச் சறுக்கினால் நொடிக்கு 3.4 மீட்டர் இறங்கும். அந்த இறக்கத்தை நிறுத்தி மட்டமாகப் பறக்க 25.5 கிலோவாட் வேண்டும். புரொப்பெல்லரின் பயனுறுதிறன் 70 சதவீதம் என்றால் எஞ்சின் 49 குதிரைத்திறன் தந்தாக வேண்டும். பயணத் திறனான 75 சதவீதத்தில் எஞ்சின் தருவது 82.5. 82.5-இல் 41 சதவீதம் இழந்தால் 49. அதற்குக் கீழே உயரத்தைத் தக்கவைக்க முடியாது. முள் 2,000-ஐ நெருங்கும்போது இந்த எல்லை வந்துவிடுகிறது.

ஹெலிகாப்டரில் இந்த முள்ளும் உதவாது. ராபின்சன் ஆர்22-இல் கவர்னர் என்னும் தானியங்கி, சுற்று குறைந்தால் த்ராட்டிலைத் தானே திறக்கிறது. பனி படியப் படியச் சுற்று மாறாமலே இருக்கும். அதன் பீட்டா வகையில் 160 குதிரைத்திறன் எஞ்சின், புறப்பாட்டுக்கு 131 ஆகவும் தொடர் பறப்புக்கு 124 ஆகவும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே த்ராட்டில் பெரும்பாலும் பாதி மூடிய நிலையிலேயே இருக்கும். கார்புரேட்டர் வெப்பமானியில் −15 முதல் +5 டிகிரி வரை மஞ்சள் வளையம் குறிக்கப்பட்டுள்ளது. மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சின் உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம், 18 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே போனால் அந்த வெப்பமானியையும் நம்பாமல் முழு வெப்பம் தரவேண்டும் என்பது இயக்கக் கையேட்டின் விதி. 18 அங்குலம் என்பது கடல்மட்ட அழுத்தத்தில் 60 சதவீதம்.

வெப்பத்தின் செலவு

தடுப்பு முறை பழையது. 1927 மே 10 அன்று சான் டியேகோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் புறப்பட்ட சார்லஸ் லிண்ட்பெர்க்கின் எஞ்சின், இரவில் மலைகளின் மேல் விட்டுவிட்டு ஓடியது. கார்புரேட்டரில் பனி என்று ஐயுற்ற அவர், நியூயார்க்கில் 223 குதிரைத்திறன் ரைட் எஞ்சினுக்குக் காற்றுச் சூடேற்றி பொருத்தச் செய்தார். அதே மாதம் 20, 21 தேதிகளில் 33 மணி 30 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் கடந்து பாரிஸ் சேர்ந்தார்.

பின்னர் இது சட்டமாயிற்று. சிறு விமானங்களுக்கு 2017 வரை நடப்பிலிருந்த அமெரிக்கத் தகுதிச் சான்று விதிப்படி, வென்ச்சுரி கார்புரேட்டர் கொண்ட, கடல்மட்டத்தில் மட்டுமே முழுத்திறன் தரும் எஞ்சினில், வெளிக்காற்று −1 டிகிரியாகவும் திறன் 75 சதவீதமாகவும் இருக்கையில், சூடேற்றி காற்றின் வெப்பநிலையை 50 டிகிரி உயர்த்த வேண்டியிருந்தது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றிய உறையிலிருந்து இந்தச் சூடு வருகிறது. விமானிகள் இதைக் கார்ப் ஹீட் என்பார்கள்.

இதன் விலை 15 சதவீதத் திறன். 15 டிகிரிக் காற்றை 65 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் அடர்த்தி 338-க்கு 288 என்ற விகிதத்தில் குறையும், அதாவது 15 சதவீதம். கார்ப் ஹீட்டால் 15 சதவீதம் வரை திறன் குறையலாம் என்று விமானி கையேடும் கூறுகிறது. 110 குதிரைத்திறனில் இது 16.5. செஸ்னா 152 மட்டமாகப் பறக்க 49 போக, மேலேறுவதற்கு எஞ்சுவது 61. அதில் 16.5 என்பது 27 சதவீதம். தரையிறங்காமல் மீண்டும் மேலேறும் வேளையில் கார்ப் ஹீட்டை மூட வேண்டும் என்பதற்கு இந்த 27 சதவீதமே காரணம். புறப்பாட்டில் அதைப் பயன்படுத்தாததற்கும் இதுவே காரணம்.

பயணத்தின்போது செலவு மிகச் சிறிது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை 15 நொடி முழு வெப்பம் கொடுத்துச் சரிபார்ப்பதாகக் கொள்வோம். மணிக்கு 6 முறை, மொத்தம் 90 நொடி. 3,600 நொடியில் இது 2.5 சதவீதம். அந்த நேரத்தில் 15 சதவீத இழப்பு என்றால் மணிக்கணக்கில் 0.375 சதவீதம். செஸ்னா 152 மணிக்கு ஏறத்தாழ 23 லிட்டர் எரிபொருள் குடிக்கும். இழப்பு முழுவதையும் எரிபொருளால் ஈடுகட்டினாலும் கூடுதல் செலவு 86 மில்லிலிட்டர். ஒரு மணி நேரப் பாதுகாப்பின் விலை அரை டம்ளர் பெட்ரோலுக்கும் குறைவு.

நொடிகளின் பற்றாக்குறை

படிந்த பனியை உருக்க எவ்வளவு நேரம் ஆகும்? 12 கிராம் பனியை உருக்க 4 கிலோஜூல் போதும். 1 கிலோ எடையுள்ள அலுமினிய உடலை 10 டிகிரி சூடேற்ற மேலும் 9 கிலோஜூல். மொத்தம் 13. பயணத் திறனில் நிமிடத்துக்கு 3.7 கிலோ காற்று 50 டிகிரி மிகைச் சூட்டுடன் வந்தால் அது சுமந்து வருவது 3.1 கிலோவாட். அதில் 10 சதவீதம் உலோகத்தையும் பனியையும் சேர்ந்தால் 42 நொடியில் வேலை முடியும். த்ராட்டில் மூடி, காற்றோட்டம் மூன்றில் ஒன்றானால் 126 நொடி. புகைபோக்கி குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும். 30 நொடி முதல் பல நிமிடங்கள் வரை ஆகலாம் என்ற கையேட்டின் வரம்போடு இது ஒத்துப்போகிறது.

இந்த நேரத்தில் எஞ்சின் முதலில் மேலும் மோசமாக ஓடும். சூடான காற்றால் 15 சதவீதம் போகும், உருகிய நீர் சிலிண்டருக்குள் புகுந்து எஞ்சின் நடுங்கும். அதன் பிறகே சுற்று ஏறத் தொடங்கும். கார்ப் ஹீட் நிலைமையைக் கெடுத்துவிட்டது என்று எண்ணிக் குமிழை மூடிவிடும் பிழை இந்த முதல் 30 நொடியில் நேர்கிறது. இங்கே விமானிக்குத் தேவைப்படுவது எண் தரும் பொறுமை.

மறுபக்கத்தில் இருப்பில் உள்ள நொடிகள். 1,000 அடி, அதாவது 305 மீட்டர் உயரத்தில் செஸ்னா 152-இன் எஞ்சின் நின்றால், நொடிக்கு 3.4 மீட்டர் இறக்கத்தில் 89 நொடியில் தரை வரும். கடக்கும் தூரம் 2.7 கிலோமீட்டர். 500 அடியில் 44 நொடி, 1.4 கிலோமீட்டர். 3,000 அடியில் 267 நொடி, 8.2 கிலோமீட்டர். ஓடுபாதையைச் சுற்றிவரும் சர்க்யூட் உயரம் பொதுவாக 1,000 அடி. த்ராட்டிலை மூடி இறங்கத் தொடங்குவதும் அங்கேதான்.

இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்தால் முடிவு தெரிகிறது. 3,000 அடியில் உருக்கத் தேவை 42 முதல் 126 நொடி, இருப்பு 267. கணக்கு மிகுதியில் முடிகிறது. 1,000 அடியில் தேவை அதே 42 முதல் 126, இருப்பு 89. பாதி வாய்ப்பில் பற்றாக்குறை. 500 அடியில் இருப்பு 44. அங்கே உருக்குவதை நம்பிப் பயனில்லை, இறங்க இடம் தேடுவதே வேலை. எஞ்சின் முற்றாக நின்றுவிட்டால் சூட்டின் ஊற்றும் அடங்குவதால் தேவை மேலும் கூடும். ஆகவே கார்ப் ஹீட்டைப் பனி வந்தபின் எடுக்கும் மருந்தாகக் கருதினால் தாழ்ந்த உயரத்தில் கணக்கு தோற்கும். த்ராட்டிலை மூடும் முன்பே அதைத் திறந்துவிடுவதே எல்லா உயரத்திலும் கணக்கை மிகுதியில் நிறுத்தும் ஒரே வழி.

நம் கடற்கரையின் எண்கள்

இந்தியப் பயிற்சிப் பள்ளிகளிலும் செஸ்னா 152, செஸ்னா 172 வகைகள் பறக்கின்றன. சென்னையில் ஜனவரி மாத விடியலில் 21 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இயல்பு. கையேடு வகுத்த எல்லைக்கோட்டின் மேலேயே அந்த விடியல் நிற்கிறது. 2,000 அடி ஏறினால் வெப்பநிலை மேலும் 4 டிகிரி வரை குறையும், ஈரப்பதம் கூடும். பயிற்சிப் பறப்புகள் விடியலில் தொடங்குவதும் வழக்கம்.

கோடைப் பகலில் 35 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் கனமீட்டருக்கு 23.8 கிராம் நீர் உண்டு, ஜனவரியைவிட அதிகம். ஆனால் அவ்வளவு ஆவி நீராகும்போது திரும்பும் வெப்பமும் அதிகம் என்பதால், பயணத் திறனில் காற்று 0 டிகிரியை எட்டாது. இறக்கத் திறனில் அந்த உறுதியைத் தர முடியாது. 25 டிகிரிக்கு மேலும் கடும் பனி கண்ட பிரிட்டன் சோதனை இங்கே நினைவில் இருக்க வேண்டும். பனி குளிர்நாட்டுச் சிக்கல் என்ற எண்ணத்துக்கு நம் கடற்கரையின் எண்களில் ஆதாரம் இல்லை.

இந்த ஏட்டின் செலவுப் பத்தியில் உள்ளவை மணிக்கு 90 நொடி, 86 மில்லிலிட்டர் பெட்ரோல், தற்காலிகமாக 15 சதவீதத் திறன். இழப்புப் பத்தியில் உள்ளவை ஆண்டுக்கு 21 விபத்துகள், அவற்றில் 2 உயிர்ப்பலி. அமெரிக்காவின் பொதுப் பறப்பில் ஏறத்தாழ 5 விபத்துகளில் 1 உயிர்ப்பலி கொள்கிறது. கார்புரேட்டர் பனியில் அது 10-இல் 1. எஞ்சின் நின்ற பிறகும் விமானம் சறுக்கக்கூடியது என்பதும், அந்த 89 நொடியில் விமானி ஒரு வயலைத் தேர்ந்து இறங்க முடிகிறது என்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். அது ஆறுதல்தான். ஆனால் தேவையற்ற விபத்து குறைந்த உயிரிழப்போடு முடிந்தது என்ற ஆறுதலோடு நாம் நின்றுவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை மூன்று, மூன்றும் எண்களே. புறப்படும் முன் வெப்பநிலையையும் பனிநிலையையும் குறித்து, கனமீட்டருக்கு எத்தனை கிராம் நீர் என்று பார்க்க வேண்டும். பறக்கையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 15 நொடி வெப்பம் தந்து, சுற்று குறைந்து பின் முன்னிருந்ததைவிட உயர்கிறதா என்று கவனிக்க வேண்டும். உயர்ந்தால் பனி இருந்தது என்று பொருள். பயிற்சிப் பள்ளிகளின் சோதனைப் பட்டியலில், கார்ப் ஹீட் என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு அளவுகளை ஒரே வரியில் அச்சிட வேண்டும்: உருக 30 நொடி முதல் பல நிமிடம், 1,000 அடியிலிருந்து தரைக்கு 89 நொடி. கழித்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்கு, குமிழை எப்போது இழுக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.